துஞ்சியவர்களும் செத்தவர்களும்

1

செத்தவரை வைக்கிற இடத்துக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சுடுகாடு, இடுகாடு, மயானம், கல்லறை, சமாதி, நினைவிடம், மணிமண்டபம், துயிலும் இல்லம். இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக்கூடிய சொற்கள் அல்ல. 'தலைவரை மெரினா இடுகாட்டில் புதைத்தார்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். இலக்கணப் பிழை கிடையாது, தகவல் பிழையும் கிடையாது. ஆனாலும் எழுதியவன் வீட்டுக்கு ஆள் வரும். சொல்லுக்குள் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்ட இந்த ஒரு வாக்கியம் போதும்.

அரசாங்கப் பலகை 'நினைவிடம்' என்கிறது. ஜனங்கள் 'சமாதி' என்கிறார்கள். வண்டலூரில் மிருகங்களைப் பார்த்து முடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து மெரினாவுக்குப் போகிற சுற்றுலா பஸ்களை எங்கள் தாம்பரம் பக்கம் எந்த விடுமுறை நாளிலும் பார்க்கலாம். 'அடுத்தது எம்ஜியார் சமாதி' என்றுதான் பஸ்ஸுக்குள் பேச்சு. (மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் பெயரிட்டு அழைத்த ஜனங்களின் வாரிசுகள் இவர்கள்.) சமாதி என்பது யோகி அடங்கின இடம், அங்கே உள்ளே இருப்பவர் சாகவில்லை என்பது ஐதீகம். கல்லில் காதை வைத்து எம்.ஜி.ஆரின் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கிற பழக்கம் அந்தச் சொல்லின் தர்க்கத்திலிருந்தே வருகிறது. இதை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. பகுத்தறிவு பேசிய ஓர் இயக்கம், தன் தலைவர்களின் உடல்களை எரிக்காமல் கடற்கரையில் வைத்து, விளக்கேற்றி, பூப்போட்டு, பதவியேற்கும் முன் போய்க் கும்பிடும் இடமாக்கி வைத்திருக்கிறது. ஜனங்கள் காதை வைத்துக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தலைவர்களையும் போரில் செத்தவர்களையும் ஒரே வளாகத்தில் வைத்துத் தேசியக் கல்லறை அமைத்த நாடுகள் உண்டு. சியோலில் கொரியப் போரில் இறந்த படைவீரர்களுக்காக 1950களில் உருவான தேசியக் கல்லறையில் சிங்மன் ரீயும் பார்க் சுங் ஹீயும் கிடக்கிறார்கள். ஹராரேயில் கெரில்லாப் போராளிகளின் பெயரால் எழுந்த வீரர் வளாகத்தில் ஆளுங்கட்சிப் பெரியவர்களுக்கு இடம். வேலை சுலபமானது: போரில் செத்தவன் பக்கத்தில் படுத்துக்கொள்வதன் மூலம், படுக்கையில் செத்த தலைவன் அவனுடைய சாவைக் கடன் வாங்கிக்கொள்கிறான். பெயர் தெரியாத படைவீரனின் கல்லறையைவிட நவீன தேசியத்துக்குப் பொருத்தமான சின்னம் இல்லை என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதியது நம் வாசகர்களுக்குப் பழசு. அந்தக் கல்லறை காலியாக இருப்பதால்தான் தேசம் அதற்குள் புகுந்துகொள்ள முடிகிறது என்பது அவர் வாதம். தமிழ்நாட்டுக்கு வந்தால் கதை வேறு. இங்கே தலைவன் யாருடைய சாவையும் கடன் வாங்கவில்லை. செத்தவர்களை அவன் பக்கத்திலேயே வைக்கவில்லை. ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

தமிழ் மரபில் சாவை இடத்தில் நிறுத்துவதற்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று நடுகல், மற்றது பள்ளிப்படை. இரண்டையும் ஒரே மூச்சில் 'நினைவுச்சின்னம்' என்று சொல்கிற பழக்கம் பாடப்புத்தகங்களால் வந்தது. அவை வேறு வேறு அரசியல்கள்.

நடுகல், விழுந்தவனுக்கு. மாடு பிடிக்கப் போனவன், மாட்டை மீட்கப் போனவன், ஊருக்காகப் புலியோடு மோதினவன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துள்ள கற்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை; அவற்றில் ஒன்று கூடலூர் ஆநிரைப் பூசலில் செத்த அந்தவன் என்பவனுடைய கல். அவன் அரசனில்லை, குறுநில மன்னனும் இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதுவரை ஒரு சடங்கு வரிசையே சொல்கிறது. கல் நிற்கிற இடத்தைக் கவனியுங்கள்: மேய்ச்சல் நிலம், வழியோரம், ஏரிக்கரை. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் பதிப்பித்தபோது நமக்குத் தெரியவந்த ஆட்களில் பெரும்பான்மையோர் இத்தகையவர்களே. அந்த வட்டாரத்து எடுத்தனூர்க் கல் ஒன்று, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, தொறுவுக்காகச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனோடு அவன் நாயையும் பதிவுசெய்கிறது. எசமான் விழுந்தபின் கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாய்க்குப் பெயர் கோவிவன். நாய்க்குப் பெயர் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பள்ளிப்படை, ஆண்டவனுக்கு. அதாவது நாட்டை ஆண்டவனுக்கு. தொண்டைமானாட்டில் ஆதித்த சோழனுக்கு மகன் பராந்தகன் எடுத்த ஆதித்தேச்சரம், மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்த அரிஞ்சிகை ஈச்சரம், பட்டீசுவரத்துப் பக்கம் பஞ்சவன் மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த கோயில். எடுப்பவன் யார் என்று பாருங்கள்: அடுத்து ஆளுகிறவன். செத்தவன்மேல் லிங்கம் வைத்துக் கோயிலாக்கி, அதற்கு நிலம் விட்டு, நிவந்தம் எழுதிவைக்கிற செயலால் எடுத்தவனின் உரிமை உறுதிப்படுகிறது. கல்வெட்டுகளில் இந்த அரசர்கள் சாவதில்லை. 'துஞ்சின' தேவர்கள் அவர்கள். சங்க காலத்திலேயே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று மன்னர் பெயர்களுக்கு முன்னால் படுக்கை விரிக்கப்பட்டிருக்கிறது. அரசன் தூங்குவான். மற்றவன் சாவான்.

இந்த இரண்டும் கலந்துபோன பிரதி என்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் நியாயத்துக்கு எடுக்க வேண்டிய கல்லை, செங்குட்டுவன் இமயத்திலிருந்து தோற்ற அரசர்களின் தலையில் ஏற்றிக் கொண்டுவருகிறான். நடுகல்லின் சடங்கு வரிசை முழுக்க அங்கே இருக்கிறது, காதைகளின் தலைப்புகளாகவே. ஆனால் நடப்பது பேரரசின் ஊர்வலம். கண்ணகியின் கோபம் எங்கே போயிற்று என்று காப்பியம் கேட்பதில்லை. அவளுடைய சிலையை 1968இல் மெரினாவில் வைத்தார்கள், 2001 டிசம்பரில் தூக்கினார்கள், 2006 ஜூனில் மறுபடி வைத்தார்கள். அப்போதும் யாரும் கேட்கவில்லை.

3

சேலையூரிலிருந்து பரங்கிமலை தாண்டி, கத்திப்பாராவில் திரும்பி, பூந்தமல்லி ரோட்டில் போனால் நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறை வருகிறது. பல பேர் அதைத் தனியார் பூங்கா என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். அப்படி ஒரு புல்வெளி, அப்படி ஒரு வரிசை. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர் உடல்களை, அங்கெல்லாம் காலாகாலத்துக்கும் பராமரிக்க முடியாது என்று தோண்டியெடுத்து வந்து சேர்க்க 1952இல் அமைத்த இடம் இது. 850க்கு மேற்பட்ட கல்லறைகள். பின்புறச் சுவரில் முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள்.

'காலாகாலத்துக்கும்' என்பதே இங்கே மையச் சொல். நம் ஊர் இடுகாட்டில் காலம் அப்படி ஓடுவதில்லை. பழைய குழி அமுங்கினால் அதன்மேலேயே புதுக்குழி. தாத்தாமேல் பேரன். இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. மண் பொதுச்சொத்து என்கிற அறிவு அது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கியபோது வேறொரு அறிவை முன்வைத்தது: செத்தவன் ஒவ்வொருவனுக்கும் தனிக் கல், ஒரே அளவு, ஒரே உயரம். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசமில்லை, மதம் பார்ப்பதில்லை, நிறம் பார்ப்பதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நந்தம்பாக்கம் வரிசைகளுக்குள் நடக்கும்போது அந்தச் சமத்துவம் கண்ணுக்குத் தெரிகிற உண்மையாகவே படும், நான் மறுக்கவில்லை.

ஆனால் இதே ஆணையம் ஈராக்கில் 1929இல் திறந்த பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்கிற எண்ணும்தான். கோவிவன் என்கிற நாய்க்குப் பல்லவர் காலத்துக் கல்வெட்டுக்காரன் கொடுத்ததை இருபதாம் நூற்றாண்டு ஏகாதிபத்தியம் மனுஷனுக்குக் கொடுக்கவில்லை. 2021இல் ஆணையமே நியமித்த குழு, ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அறிக்கை தந்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்து.

சயாம்–பர்மா ரயில்பாதையில் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டம். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள், நந்தம்பாக்கத்துப் புல்வெளியின் அதே அச்சில். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துக்கொண்டுபோன தமிழ்க் கூலிகள் பல பத்தாயிரம் பேர் அதே பாதையில் செத்தார்கள். அவர்கள் படைவீரர் அல்லர், ஆகவே போரில் செத்தவர்களும் அல்லர். அவர்களுக்காக அங்கே ஒரு புத்தகோயில் வளாகத்தில் 2023 மே மாதத்தில் கல் நட்டார்கள். 'நடுகல்' என்றே அதற்குப் பெயர். நட்டது எந்தப் பேரரசும் அல்ல, அயலகத் தமிழர்கள். தமிழக அரசு கொஞ்சம் உதவியது.

தாம்பரம் விமானப்படைத் தளத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 2016 ஜூலை 22 அன்று காலை இங்கிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32 விமானம் வங்காள விரிகுடாவில் காணாமல் போனது. சில வாரங்களில் 29 பேரும் இறந்தவர்களாகக் கருதப்படுவதாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளின் படம் கிடைத்தது. ஏழரை வருஷம். போரில்லாத நாளில், சரக்கு விமானத்தில் செத்தவர்களைத் தேசம் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. எங்கள் தெருக்களின் மேலே அந்த வகை விமானங்கள் இரைச்சலோடு போகின்றன. கீழே அவர்களுக்கு ஒரு கல்லும் என் கண்ணில் பட்டதில்லை.

4

மெரினாவுக்கு வருவோம். அண்ணாதுரை 1969 பிப்ரவரி 3 அன்று இறந்து, மறுநாள் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். ஒன்றரைக் கோடிப் பேர் வந்ததாகக் கின்னஸ் புத்தகம் பதிந்தது. அப்போது தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் நாலு கோடி; அந்த எண்ணை நம்பாவிட்டாலும் கூட்டத்தை நம்பலாம். அந்த அழுகை உண்மையானது. அதை வெறும் சினிமா மயக்கம் என்று எழுதிய இங்கிலீஷ் பத்திரிகைக்காரர்களின் பார்வையில் சாதித் திமிரும் கலந்திருந்தது.

ஆனால் அதற்குச் சரியாக நாற்பது நாளைக்கு முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, அதே அண்ணாவின் ஆட்சியில், கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னத்தை எழுப்பியது அரசல்ல, மார்க்சிஸ்ட் கட்சி. நாற்பது நாள் இடைவெளியில் தமிழ்நாடு இரண்டு சாவுகளைச் சந்தித்தது. ஒன்றை மட்டும் தன் சாவாக எடுத்துக்கொண்டது. திராவிட அரசியலின் நினைவுத் தளம் அந்த நாற்பது நாளில் தீர்மானமாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

இடைக்கால ஐரோப்பாவில் அரசனுக்கு இரண்டு உடல்கள் உண்டு, அழுகுகிற ஓர் உடல், அழியாமல் அடுத்தவனுக்குக் கைமாறுகிற இன்னோர் உடல் என்கிற சட்டக் கற்பிதத்தைப் பற்றி எர்ன்ஸ்ட் கான்டரோவிச் 1957இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பள்ளிப்படை எடுத்த சோழர்களுக்கு இது விளங்கியிருக்கும். மெரினாவில் இரண்டு உடலும் ஒன்றாகிவிட்டன. எம்.ஜி.ஆரின் பூதவுடல் 1987 டிசம்பரில் பீரங்கி வண்டியில் போனபோது அதில் ஏறப் பார்த்த ஜெயலலிதாவை இறக்கிவிட்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளு வாரிசுச் சண்டையின் முதல் காட்சி. 2016 டிசம்பர் 6 அன்று ஜெயலலிதாவையும் அதே வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். (எரித்தாகவில்லையே என்று உறவினர் சிலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரையில் உருவம் செய்து எரித்தார்கள். சாதி தன் கணக்கைத் தனியாக முடித்துக்கொண்டது.) 2017 பிப்ரவரி 7 இரவு ஓ. பன்னீர்செல்வம் அந்தச் சமாதி முன் நாற்பது நிமிஷம் கண்மூடி உட்கார்ந்து எழுந்து கலகம் அறிவித்தார். எட்டு நாள் கழித்து, பெங்களூர் ஜெயிலுக்குப் போகிற வழியில் வி.கே. சசிகலா அதே கல்லில் மூன்று முறை ஓங்கி அறைந்து சபதம் செய்தார். டி.வி.யில் பார்த்துச் சிரித்தோம். ஆனால் உரிமை கோருகிற இரண்டு தரப்பும் சட்டமன்றத்துக்கு முன்னால் கல்லறைக்குத்தான் போனது.

2018 ஆகஸ்ட் 7 இரவு இந்தத் தர்க்கம் முதல்முறையாக எழுத்தில் வந்தது. மு. கருணாநிதி இறந்த அன்று, மெரினாவில் இடமில்லை, நீதிமன்ற வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, கிண்டியில் காந்தி மண்டபத்துக்கருகே இரண்டு ஏக்கர் தருகிறோம் என்று அரசு அறிக்கை விட்டது. இரவு பத்தரை மணிவாக்கில் பொறுப்புத் தலைமை நீதிபதி வீட்டில் விசாரணை. பதவியில் இருக்கும்போது இறந்த முதல்வர்களுக்குத்தான் மெரினா, முன்னாள் முதல்வர்களுக்குக் கிண்டி என்பது மரபு என்று அரசு வாதிட்டது. 1996இல் ஜானகி இறந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதியே இடம் தரவில்லை என்று எடுத்துக்காட்டியது. தி.மு.க. தரப்போ காந்திய வழியில் வந்தவர்களுக்குக் கிண்டி, திராவிட இயக்கத்தாருக்கு மெரினா, கொள்கை வேறு இடம் வேறு என்றது. மெரினா அடக்கங்களுக்கு எதிராக ஏற்கெனவே போடப்பட்டிருந்த வழக்குகள் அந்த அவசரத்திலேயே திரும்பப் பெறப்பட்டன. மறுநாள் காலை பதினோரு மணிக்குள் தீர்ப்பு: அண்ணா நினைவிடத்திலேயே இடம் கொடுங்கள்.

'பொணத்துக்கு எதுக்குய்யா இப்படி இடத்தகராறு' என்று அன்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. இரு தரப்பு வாதத்தையும் மேலே வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு தரப்பு பதவியைப் பேசுகிறது, மறு தரப்பு கொள்கையைப் பேசுகிறது. கடற்கரை யாருடையது என்று யாரும் பேசவில்லை. அமைச்சர் பதவி எதுவும் வகிக்காத பெரியாரை 1973இல் அரசு மரியாதையோடு, ஆனால் அவருடைய சொந்தத் திடலில் அடக்கம் செய்த முன்னுதாரணம் இருந்தது. அது ஏன் பின்பற்றப்படவில்லை என்பது பேசத்தக்க விஷயம்.

கடற்கரை யாருடையது? 1985இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தக் கிளம்பினார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் மீனவர்கள் செத்தார்கள். இரண்டு வருஷத்தில் அதே மணலில் எம்.ஜி.ஆருக்குச் சமாதி எழுந்தது. வலை காயப்போட அழகு கெடும், கல்லறை கட்டினால் கெடாது.

5

கிண்டி வளாகம் இன்னொரு வகைப் பிரதி. காந்தி மண்டபம் 1956இல் திறந்தது. 1975இல் காமராஜரை அங்கே தகனம் செய்தார்கள். ராஜாஜிக்கும் பக்தவத்சலத்துக்கும் அங்கே நினைவாலயங்கள். மொழிப்போர்த் தியாகிகள் மணிமண்டபமும் அதே வளாகத்தில்! முதல் இந்தி எதிர்ப்பு ராஜாஜி ஆட்சிக்கு எதிராக நடந்தது. 1965இல் மாணவர்களைச் சுட்டது பக்தவத்சலம் ஆட்சிப் போலீஸ். சுட்டவர்களையும் சுடப்பட்டவர்களையும் ஒரே காம்பவுண்டில், ஒரே நுழைவாயிலில், ஒரே செய்தித்துறைப் பராமரிப்பில் சேர்த்துவைத்திருக்கிறது அரசு. சமரசம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மண்டபம் அங்கே, உடல் வேறெங்கோ. நடராசன் 1939 ஜனவரி 15 அன்று இறந்தார், தாளமுத்து அதே வருஷம் மார்ச்சில். இருவரும் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டவர்கள். நடராசன் தலித் இளைஞர். இருவருக்கும் இடம் வடசென்னை மூலக்கொத்தளம். எழும்பூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமக் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர் வைத்தார்கள். பேரைத் தெற்கே எடுத்துக்கொண்டு உடலை வடக்கே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஜனவரி 25ஆம் தேதியும் கட்சிக்காரர்கள் மாலையோடு மூலக்கொத்தளம் போய்வருகிறார்கள். 2018 வாக்கில் அந்த மயான நிலத்தில் குடிசை மாற்று வாரிய வீடுகள் கட்டத் திட்டம் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. கவனியுங்கள், ஏழைக்கு வீடு வேண்டும் என்றால் அரசின் கண் போவது ஏழைகளின் சுடுகாட்டுக்கு. மெரினாவில் ஒரு சமாதிக்குப் பல ஏக்கர் போகும்போது வீட்டுவசதி பற்றி யாருக்கும் நினைவு வருவதில்லை.

அதற்கு அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற பாதை சாதி இந்துக்களின் நிலம் வழியாகப் போகிறது, விடவில்லை. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. ஒரே நீதிமன்றம், ஒரு வருஷ இடைவெளியில், இரண்டு உடல்களுக்கு வழி தேட வேண்டியிருந்தது. ஒருவருக்கு ராத்திரியோடு ராத்திரியாக வழி கிடைத்தது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று வெட்டப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனுக்கும் அவரோடு செத்தவர்களுக்கும் 'விடுதலைக் களம்' என்று மக்களே எழுப்பிய இடம் ஒன்று உண்டு. நடுகல் மரபு உயிரோடு இருப்பது அத்தகைய இடங்களில். மணிமண்டபத் திறப்புவிழாக்களில் அதைத் தேடிப் பிரயோஜனமில்லை.

6

போரில் செத்தவர்களைப் பற்றித் தமிழ்நாடு பேச முடியாமல் போனதற்கு ஈழம் ஒரு முக்கியக் காரணம். இந்திய அமைதிப்படை 1987 முதல் 1990வரை அங்கே இருந்தது. அதில் சுமார் 1,200 பேர் செத்தார்கள். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கே இறந்தார். இறந்தபின் பரம்வீர் சக்ரா. திரும்பிவந்த படையை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கக் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்றுவிட்டு வருகிற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் நிலை. அதை நான் சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் படையில் செத்தவர்களிலும் தமிழர் இருந்தார்கள். அவர்களை எந்தக் கதையாடலில் வைப்பது என்று திராவிட இயக்கத்துக்கும் தெரியவில்லை, இடதுசாரிகளுக்கும் தெரியவில்லை. அவர்களின் பெயர்கள் கொழும்புக்கு அருகே கோட்டேயில், இலங்கை அரசு எழுப்பிய சுவரில் இருக்கின்றன.

எதிர்த்தரப்பில் செத்தவர்களுக்குப் புலிகள் அமைத்தவை மாவீரர் துயிலும் இல்லங்கள். தொடக்கத்தில் எரித்தார்கள், 1991 முதல் புதைக்கத் தொடங்கினார்கள். புதைத்தல் என்று சொல்வதில்லை, விதைத்தல். உடல், வித்துடல். ஒரே அளவுக் கல், நேர் வரிசை, நடுவில் சுடர். நந்தம்பாக்கத்தைப் பார்த்தவன் கோப்பாயின் படத்தைப் பார்த்தால் வடிவம் எங்கிருந்து வந்தது என்று உடனே கண்டுகொள்வான். ஆனால் பெயர் வேறெங்கிருந்தோ வந்தது. சோழ அரசனுக்கும் பாண்டியனுக்கும் மட்டுமே உரியதாயிருந்த 'துஞ்சுதல்', கரையூரிலும் தோட்டத்திலும் பிறந்த பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் இப்படி ஒரு வினைச்சொல் கைமாறினது சின்ன விஷயமல்ல. பள்ளிப்படைக்கும் நடுகல்லுக்கும் இடையிலிருந்த கோடு அங்கே ஒரு கணம் அழிந்தது.

ஒரு கணம்தான். அந்த வரிசைகளில் டெலோவின் பிள்ளைகளுக்கு இடமில்லை, ஈ.பி.ஆர்.எல்.எஃப். பிள்ளைகளுக்கு இடமில்லை, ப்ளாட்டுக்கு இல்லை. அவர்களில் பலரைக் கொன்றதே புலிகள். கல் எல்லாம் ஒரே அளவாக இருக்கலாம். எந்த உடல் அந்தக் கல்லுக்குரியது என்கிற தீர்மானம் கல் நடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. முள்ளிவாய்க்காலில் செத்த சனங்களுக்கோ வித்துடல் என்ற பெயர்கூட இல்லை.

அந்தச் சனங்களுக்காக 2017 மே 21 அன்று மெரினாவில் மெழுகுவர்த்தி ஏற்ற மே பதினேழு இயக்கத்தார் கூடினார்கள். அனுமதியில்லை என்று கைது. திருமுருகன் காந்தி உள்ளிட்ட சிலர்மீது குண்டர் சட்டம். செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் கடற்கரையில் அப்போது மூன்று முதல்வர்களின் கல்லறைகள் இருந்தன. அண்ணாவுக்கு அணையா விளக்கும் இருந்தது. சேதம் எதுவும் செய்யாத ஒரு மெழுகுவர்த்திதான் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாயிற்று. மெரினாவில் போராட்டமே கூடாது என்று நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொன்னது, கருணாநிதியை அங்கே அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது. அவருடைய நினைவிடம் 2024 பிப்ரவரி 26 அன்று திறக்கப்பட்டது.

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மெழுகுவர்த்தியில் இருக்கிறது. சியோலில் தலைவன் செத்தவர்கள் பக்கத்தில் படுக்கிறான். அவர்கள் யாருக்காகச் செத்தார்கள் என்பது அங்கே அரசின் கதையாக முடிந்துபோன விஷயம். இங்கே வெண்மணியும் மீனவரும் நடராசனும் முள்ளிவாய்க்காலும் முடிந்துபோகாத வழக்குகள். பக்கத்தில் வைத்தால் அவை தலைவனிடமே கேள்வி கேட்கும். ஆகவே அவனுக்குக் கடலோரம், அவற்றுக்கு ஆளுக்கொரு மூலை.

கேள்வி கேட்கிற கல்லைச் சிங்கள அரசு வேறு வகையில் கையாண்டது. கோப்பாய்த் துயிலும் இல்லத்தை யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் ராணுவம் ஒருமுறை உழுது நிரவியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு உடைந்த கல்லைப் பொறுக்கி மறுபடி கட்டினார்கள். 2009க்குப் பின் மறுபடி இடித்து, அதன்மேல் 51ஆம் படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டி 2011 மார்ச்சில் திறந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் சின்னத்தை 2021 ஜனவரி 8 இரவு புல்டோசர் வைத்து இடித்தார்கள். மாணவர்கள் விடவில்லை, மூன்றாம் நாளே அடிக்கல் நட்டு ஏப்ரலில் திறந்துவிட்டார்கள்.

கிளிநொச்சி கனகபுரத்தில் 2016 முதல் நவம்பர் 27 அன்று ஜனங்கள் மறுபடி கூடுகிறார்கள். இடித்த கற்களை ஓரிடத்தில் குவித்துவைத்திருக்கிறார்கள். எழுத்துத் துண்டுதுண்டாகத் தெரியும். எந்தத் துண்டு யாருடையது என்று சேர்க்க வழியில்லை. தாய்மார்கள் பழைய வரிசையை மனசில் எண்ணி, இந்த இடமாக இருக்கும் என்று பட்ட இடத்தில் விளக்கை வைத்துவிட்டு உட்காருகிறார்கள்.